எது முதலில், எது பிறகு?

கும்மிடிப்பூண்டிப் பக்கத்து ரோலிங் மில்களில் வீடு கட்டும் முறுக்குக் கம்பி உருவாகும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான். நீண்ட சதுரக் கட்டையாக வரும் எஃகு பில்லட் உலைக்குள் போய் 1,100 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறுகிறது. செக்கச் சிவந்து வெளியே வந்ததும் உருளைகள் ஒன்றன்பின் ஒன்றாக அதைப் பிடித்து நசுக்கி நீட்டுகின்றன. கடைசி உருளை கம்பியின் மேல் வரிகளைப் பதிக்கிறது. உடனே தண்ணீர் பீய்ச்சப்படுகிறது. மேல்தோல் சட்டென்று குளிர்ந்து இறுகிவிட, உள்ளே கனல் அப்படியே இருக்கிறது. பிறகு கம்பி ஆறுவதற்காகக் கிடக்கும்போது உள்ளிருக்கும் சூடு வெளியே பரவி, இறுகிய தோலை மறுபடி பதப்படுத்துகிறது. வெளியே உறுதி, உள்ளே வளையும் குணம் என்று டி.எம்.டி. கம்பிக்கு இரண்டும் கிடைப்பது இப்படித்தான்.

வேலைகளை மாற்றாமல் வரிசையை மட்டும் மாற்றிப் பாருங்கள். தண்ணீர் முதலில், உருளை பிறகு. இறுகிப்போன எஃகு உருளைக்கு இசையாது, விரிசல் விடும். அதே உலை, அதே உருளை, அதே தண்ணீர்தான். வந்து சேர்வது கம்பி அல்ல, கழிவு இரும்பு.

பள்ளிக்கூடக் கணக்குக்கு இந்தக் கவலை கிடையாது. மூவைந்து பதினைந்து, ஐமூன்றும் பதினைந்து. இதற்குப் பரிமாற்றுப் பண்பு என்று பெயர் சொல்லிச் சின்ன வகுப்பிலேயே முடித்துவிடுகிறார்கள். எண்களுக்கு அது சரி, வேலைகளுக்கு? சூடாக்குவது, நசுக்குவது, குளிர்விப்பது போன்ற செயல்களையும் எண்களைப் போலப் பெருக்க முடியுமா? ஒன்றைச் செய்து அதன் மேல் இன்னொன்றைச் செய்வதுதான் பெருக்கல் என்று வைத்துக்கொண்டால், முன்பின் மாறினால் விடையும் மாறிவிடுகிற அந்தப் பெருக்கலில் எதை நம்பி அளப்பது?

இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டும் துறைக்குச் செயலி இயற்கணிதம் என்று பெயர். செயலி என்றால் இங்கே கைபேசியில் இறக்கிக்கொள்வது அல்ல; ஒன்றை எடுத்து இன்னொன்றாக மாற்றித் தரும் செயல். சென்னை தரமணியில் 'மேட்சயின்ஸ்' என்று அறியப்படும் கணித அறிவியல் நிறுவனம் இருக்கிறது. 1962-இல் அல்லாடி ராமகிருஷ்ணன் தொடங்கியது. அங்கே இந்தத் துறை வேர்விட முதன்மைக் காரணம் வி. எஸ். சுந்தர். 1952-இல் பிறந்தவர், இந்தியாவில் செயலி இயற்கணிதத்தில் இறங்கிய முதல் சிலரில் ஒருவர், 1996-இல் கணிதத்துக்கான சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருது பெற்றவர். அவர் என்ன செய்தார் என்று ஒரு வரியில் சொல்ல முடியாது. பில்லட்டிலிருந்தே தொடங்கவேண்டும்.

ஒரு குளிர்ந்த பில்லட் தரையில் கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. அதன் மேல் இரண்டு செயல்கள். முதலாவது 'திருப்பு': தரையோடு தரையாகக் கால் வட்டம் திருப்புவது. இரண்டாவது 'புரட்டு': கிழக்கு மேற்காக ஓடும் ஒரு கற்பனை அச்சைப் பற்றிக் கால் வட்டம் சுழற்றுவது. முதலில் திருப்பினால் பில்லட் வடக்கு தெற்காகப் போய்விடும். இப்போது கிழக்கு மேற்கு அச்சைப் பற்றிச் சுழற்றினால் அது எழுந்து செங்குத்தாக நிற்கும். வரிசையை மாற்றினால்? கிழக்கு மேற்காகக் கிடப்பதை அதே அச்சில் சுழற்றும்போது அது ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் புரளும், அவ்வளவுதான். அதன் பின் திருப்பினால் வடக்கு தெற்காகப் படுத்தே கிடக்கும். ஒரு வரிசையில் நிற்கிறது, மறு வரிசையில் படுத்திருக்கிறது.

இப்படிப்பட்ட சுழற்சி எதையும் மூன்று நிரை, மூன்று நிரல் கொண்ட ஒன்பது எண்களாக எழுதிவிடலாம். மேல்நிலை வகுப்பில் வரும் அணி என்பது இதுதான். அணிகளைப் பெருக்கும்போது வரிசை மாறினால் விடை மாறும் என்பதை மாணவர்கள் ஒரு விதியாக மனப்பாடம் செய்து, மதிப்பெண் வாங்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். பாடப்புத்தகம் அந்த இடத்தில் ஒரு செங்கல்லையாவது சுழற்றிக் காட்டியிருக்கலாம்.

மனிதர் செய்யும் வேலைகளோடு இது நின்றிருந்தால் இத்தனை பெரிய துறை பிறந்திருக்காது. 1925 ஜூனில் வெர்னர் ஹைசன்பெர்க் மகரந்த ஒவ்வாமையிலிருந்து தப்பிப்பதற்காக ஹெலிகோலாண்ட் என்ற தீவுக்குப் போனார். அணுக்கள் உமிழும் ஒளியைக் கணக்கிட அங்கே அவர் அமைத்த பெருக்கல் முறையில் வரிசை மாறினால் விடை மாறியது. அவருக்கே அது சங்கடமாக இருந்தது. கோட்டிங்கனில் அவருடைய பேராசிரியர் மாக்ஸ் போர்ன்தான் இது அணிப் பெருக்கல் என்று அடையாளம் கண்டார். குவாண்டம் இயற்பியலின் நடுமையத்தில் இருப்பது இதுதான்: துகள் எங்கே இருக்கிறது என்று பார்ப்பதும் எவ்வளவு உந்தத்தோடு போகிறது என்று பார்ப்பதும் முன்பின் மாற்ற முடியாத இரண்டு செயல்கள்.

இயற்கை உண்மையிலேயே வரிசை பார்க்கிறது என்பதற்குச் சாட்சி வேண்டுமென்றால் மூன்று போலராய்டுத் தகடுகள் போதும். குளிர்கண்ணாடிகளிலும் தொலைக்காட்சித் திரைகளிலும் இருப்பவைதான். ஒவ்வொரு தகடும் ஒரு குறிப்பிட்ட திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும். முதல் தகட்டை நேராகவும் அடுத்ததை 45 டிகிரி சாய்த்தும் மூன்றாவதை 90 டிகிரி சாய்த்தும் வைத்தால், விழுந்த வெளிச்சத்தில் எட்டில் ஒரு பங்கு கடைசிவரை வந்து சேரும். அதே மூன்று தகடுகளை நேர், 90, 45 என்று அடுக்கினால் மறுபுறம் இருட்டு. நேர்த் தகடு விட்டதை 90 டிகிரித் தகடு முழுசாகத் தடுத்துவிடுகிறது. அதற்குப் பின்னால் எந்தத் தகடு இருந்து என்ன பயன்? தகடுகளில் மாற்றமில்லை. இடம் மட்டும் மாறியது. இந்தப் போலராய்டுகளைச் சற்று நினைவில் வைத்திருங்கள், மறுபடி தேவைப்படும்.

ஒளி அதிரும் திசையை விவரிக்க இரண்டுக்கு இரண்டு அணி போதும். அணுவுக்குள் ஓர் எலெக்ட்ரான் எங்கே இருக்கிறது என்று விவரிக்க நிரையும் நிரலும் முடிவில்லாமல் நீளும் அணிகள் வேண்டும். அவை இயங்கும் களத்துக்குக் கணிதமேதை டேவிட் ஹில்பர்ட்டின் பெயரால் ஹில்பர்ட் வெளி என்று பெயர். 1926-இல் கோட்டிங்கனுக்கு வந்த ஹங்கேரிய இளைஞர் ஜான் வான் நியூமன், தனித்தனிச் செயலிகளை விட்டுவிட்டு அவற்றின் கூட்டங்களைப் பார்க்கத் தொடங்கினார். எது எதோடு ஒத்துப்போகிறது?

அவர் செய்தது எளிமையாகத் தோன்றும். ஒரு செயலிக் கூட்டத்தை எடுத்துக்கொண்டு, அதிலுள்ள ஒவ்வொன்றோடும் முன்பின் மாற்றினாலும் விடை மாறாத செயலிகளையெல்லாம் தனியே சேர்க்கவேண்டும். அந்தப் புதுக் கூட்டத்தோடு அதே மாதிரி ஒத்துப்போகிறவற்றை மறுபடி சேர்க்கவேண்டும். சில எளிய நிபந்தனைகள் இருந்தால், இரண்டாம் முறை கிடைப்பது பழைய கூட்டமேதான். கூடவே, அந்தக் கூட்டத்தால் நெருங்கி நெருங்கிப் போய்த் தொடக்கூடிய செயலிகளும் இருக்கும். யார் யாரோடு ஒத்துப்போகிறார் என்பது இயற்கணிதக் கேள்வி. எது எதை நெருங்குகிறது என்பது நுண்கணிதக் கேள்வி. இரண்டுக்கும் ஒரே விடை என்று 1930 வாக்கில் நிறுவினார். அந்த ஒற்றுமை கொண்ட கூட்டங்களுக்கு இன்று வான் நியூமன் இயற்கணிதம் என்று பெயர்.

இவற்றை உடைத்துக்கொண்டே போனால் மேற்கொண்டு உடைக்க முடியாத துண்டுகள் வரும். அவை காரணிகள். ஒரு காரணிக்குள் எல்லோரோடும் ஒத்துப்போகிறவர் என்று யாரும் கிடையாது, வெறும் எண்ணால் பெருக்கும் செயலியைத் தவிர. 1936 முதல் 1943 வரை பிரான்சிஸ் மரேயோடு சேர்ந்து எழுதிய கட்டுரை வரிசையில் வான் நியூமன் இவற்றை மூன்று வகைகளாகப் பிரித்தார்.

முதல் வகையில் பரிமாணம் நாம் பழகியதுதான்: ஒன்று, இரண்டு, மூன்று என்று முழு எண்கள். இரண்டாம் வகையில்தான் வியப்பு. அங்கே ஒரு பகுதியின் பரிமாணம் அரையாக இருக்கலாம், மூன்றில் ஒன்றாக இருக்கலாம், பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடையே எந்த எண்ணாகவும் இருக்கலாம். கோடு, தளம், கனம் என்று படியேறிப் பழகிய மனசுக்கு இது ஒப்பவில்லை. ஆனால் மரேயும் வான் நியூமனும் வாதத்தோடு நிறுத்தவில்லை. ஒவ்வொரு செயலோடும் அதை நீக்கும் எதிர்ச்செயலும் சேர்ந்த கூட்டத்துக்குக் குலம் என்று பெயர். முடிவிலாக் குலங்களிலிருந்து அப்படிப்பட்ட காரணிகளைக் கட்டியே காட்டினார்கள். மூன்றாம் வகையில் அளவு என்ற பேச்சுக்கே இடமில்லை.

வரிசை மாறினால் எல்லாம் மாறிவிடும் இடத்தில் அரைப் பரிமாணத்தை எதைக் கொண்டு அளந்தார்கள்? இங்கேதான் துறையின் மூலக் கருவி வருகிறது. அணியின் மூலைவிட்டத்தில் இருக்கும் எண்களைக் கூட்டினால் கிடைப்பதைச் சுவடு என்று சொல்லலாம். பில்லட்டைத் திருப்பிப் புரட்டிய அணியும் புரட்டித் திருப்பிய அணியும் வேறு வேறு. ஆனால் இரண்டின் சுவடும் ஒன்றுதான்; இந்த உதாரணத்தில் பூஜ்யம். அதற்கு வடிவியல் பொருளும் உண்டு. நிற்கும் நிலைக்கானாலும் படுத்திருக்கும் நிலைக்கானாலும் பில்லட் போய்ச்சேர, ஏதோ ஒரு சாய்ந்த அச்சைப் பற்றி ஒரே வீச்சில் 120 டிகிரி சுழற்றினால் போதும். அச்சுகள் வேறு, கோணம் ஒன்று. சுவடு அச்சை மறந்துவிட்டு, கோணத்தை மட்டும் நினைவில் வைத்திருக்கிறது. எந்த இரண்டு அணிகளை எடுத்தாலும், முன்பின் மாற்றிப் பெருக்கிய இரண்டு விடைகளுக்கும் சுவடு ஒன்றே. வரிசை பார்க்கும் உலகத்தில் வரிசை பார்க்காத ஓர் அளவுகோல். முடிவில்லாத அணிகளுக்குப் பொதுவாக இந்தக் கூட்டல் முடியவே முடியாது. இரண்டாம் வகைக் காரணிகளில் ஒரு பிரிவுக்கு மட்டும் சுவடு உயிரோடு இருக்கிறது. அதனால்தான் அங்கே அரைப் பரிமாணத்தை அளக்க முடிகிறது. சுந்தரின் ஆராய்ச்சி வாழ்க்கையின் பெரும்பகுதி அந்தப் பிரிவுக்குள்தான் கழிந்தது.

வான் நியூமனுக்கும் அவருக்கும் இடையே ஒரே ஒருவர்தான் என்று சொல்லலாம். பிரின்ஸ்டனில் வான் நியூமனுக்கு உதவியாளராக இருந்த பால் ஹால்மோஸ் பின்னாளில் இந்தியானா பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அங்கே அவரிடம் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்த தமிழ் மாணவர் சுந்தர். கணிதத்தை எப்படி எழுதவேண்டும் என்பதில் ஹால்மோஸ் கறாரானவர். அதைப் பற்றியே கட்டுரை எழுதியவர். 1978-இல் குருவும் சீடரும் சேர்ந்து தொகைச் செயலிகள் பற்றி ஒரு நூல் வெளியிட்டார்கள். அந்தக் கறார்த்தனம் சீடரிடமும் தங்கிவிட்டது என்பதற்கு 1987-இல் சுந்தர் தனியாக எழுதிய நூலே சான்று. வான் நியூமன் இயற்கணிதத்துக்கு ஓர் அழைப்பு என்று பொருள்படும் தலைப்பு. மொத்தமான பெருநூல்களுக்குப் பேர்போன துறையில், ஒரு மாணவர் கையில் எடுத்துப் படித்து முடிக்கக்கூடிய சிறிய புத்தகம். இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பணியாற்றிவிட்டு அவர் தரமணிக்கு வந்தார்.

அவர் சக்கர நாற்காலியில் இயங்கியவர். சென்னையின் நடைபாதைகளும் படிக்கட்டுகளும் மாற்றுத்திறனாளிகளை எப்படி வெளியே நிறுத்துகின்றன என்று ஆங்கில நாளிதழில் பத்தி எழுதினார். சாய்தளம் கேட்பதைச் சலுகை கேட்பதாக அவர் கருதவில்லை.

சுந்தர் பிறந்த அதே 1952-இல் நியூசிலாந்தில் பிறந்தவர் வாகன் ஜோன்ஸ். 1983-இல் ஜோன்ஸ் வெளியிட்ட ஒரு கட்டுரை இந்தத் துறையின் திசையை மாற்றியது. அவர் கேட்டது: ஒரு காரணிக்குள் இன்னொரு காரணி அடங்கியிருந்தால், பெரியது சிறியதைப்போல எத்தனை மடங்கு? உள்ளே இருப்பதை உட்காரணி என்றும் அந்த மடங்கைக் குறியெண் என்றும் சொல்லலாம். அரையும் காலுமாகப் பரிமாணம் கிடைக்கும் ஊரில் குறியெண்ணும் ஒன்றுக்கு மேல் எந்த எண்ணாகவும் இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

இப்போது போலராய்டுகள். நேர்த் தகடு, சாய்ந்த தகடு, மறுபடி ஒரு நேர்த் தகடு என்று ஒளியை அனுப்புங்கள். முதல் தகட்டைத் தாண்டிய ஒளி அதே திசையோடுதான் வெளியே வரும், ஆனால் வலு குறைந்திருக்கும். சாய்வு 45 டிகிரி என்றால் அலையின் வீச்சு பாதியாகும். வெளிச்சம் வீச்சின் இருபடி என்பதால் அது கால் பங்காகும். இப்படி ஒன்று, இரண்டு, மறுபடி ஒன்று என்று போனால் மிஞ்சும் வீச்சு எத்தனையில் ஒரு பங்கு என்பது சாய்வைப் பொறுத்தது: 45 டிகிரிக்கு இரண்டில் ஒன்று, 60 டிகிரிக்கு நான்கில் ஒன்று.

ஓர் உட்காரணியிலிருந்து ஜோன்ஸ் இத்தகைய 'தகடுகள்' முடிவில்லாமல் நீளும் ஒரு வரிசையை உருவாக்கினார். அடுத்தடுத்த இரண்டுக்கு நடுவே எப்போதும் ஒரே சாய்வு. அடுத்தடுத்து இல்லாத இரண்டு தகடுகள் மட்டும் முன்பின் மாற்றினாலும் ஒத்துப்போகும். உட்காரணியின் குறியெண் என்பது அந்த 'எத்தனையில் ஒரு பங்கு' என்பதுதான். மேசையில் வைக்கும் பிளாஸ்டிக் தகட்டில் இந்த நிபந்தனைகளை நிறைவேற்ற முடியாது. ஹில்பர்ட் வெளியில் முடியும், ஆனால் எல்லாச் சாய்வுக்கும் அல்ல. 60 டிகிரியும் அதற்கு மேலும் என்றால் எந்தச் சாய்வும் சரி. அதற்குக் கீழே 0, 45, ஏறத்தாழ 51.8, 54.7, 56.3 என்று 60-ஐ நெருங்கிக்கொண்டே போகும் தனித்தனிப் புள்ளிகள் மட்டும். குறியெண்ணாகச் சொன்னால் 1, 2, 2.618, 3, 3.247 என்று போய் 4-ஐ நெருங்கும். 4-இலிருந்து எல்லா எண்ணும் உண்டு. இடையில் உள்ள 2.618 என்பது பொன்விகிதமான 1.618-இன் இருபடி. எதிர்பார்த்தது தொடர்ச்சி, கிடைத்தது இடைவெளி. காரணம் சுவடுதான். இந்தத் தகடுகளை வைத்துக் கட்டப்படும் ஒவ்வொரு பகுதியின் அளவையும் சுவடு சொல்லவேண்டும். அளவு எதிர்மறையாகப் போகக் கூடாது. தவறான சாய்வை எடுத்துக்கொண்டு வரிசையை நீட்டிக்கொண்டே போனால் எங்கோ ஓரிடத்தில் அளவு பூஜ்யத்துக்குக் கீழே இறங்கி, கட்டடம் தானே இடிந்துவிடும்.

இந்தத் தகடுகளைக் கண்ணால் காணக்கூடிய ஒரு மாதிரிக்குள் கொண்டுவரும் கட்டுரையை 1987-இலேயே சுந்தர் வெளியிட்டார். 1996-இல் உமா கிருஷ்ணனோடு சேர்ந்து எழுதிய கட்டுரையில் வரிசைமாற்ற அணிகளிலிருந்து குறியெண் 9 கொண்ட உட்காரணிகளை ஆராய்ந்தார். மறுவருடம் கேம்பிரிட்ஜ் பதிப்பகம் உட்காரணிகளுக்கான ஓர் அறிமுக நூலை வெளியிட்டது. அட்டையில் இரண்டு பெயர்கள்: ஜோன்ஸ், சுந்தர்.

அதற்குள் ஜோன்ஸ் ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்று ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. 1990-இல் கியோட்டோவில் கிடைத்த அந்தப் பதக்கத்துக்குக் காரணம், தகடுகள் முடிச்சுகளோடு உறவாடியது. மூன்று நான்கு இழைகளைத் தொங்கவிட்டு ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னினால் அது பின்னல். கீழ்முனைகளைச் சுற்றிக் கொண்டுவந்து மேல்முனைகளோடு சேர்த்துவிட்டால் முடிச்சு. எந்த முடிச்சையும் இப்படிப் பெறலாம் என்று 1923-இலேயே நிறுவப்பட்டிருந்தது. ஒரு பின்னலுக்குக் கீழே இன்னொன்றைத் தொடர்வதுதான் இங்கே பெருக்கல். அது முன்பின் பார்க்கும். ஆனால் முனைகளைச் சேர்த்து வளையமாக்கிவிட்டால், எது மேலே இருந்தது எது கீழே இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. சுவடு செய்யும் அதே வேலை! தன் தகடுகள் பின்னலின் விதிகளுக்குக் கட்டுப்படுகின்றன என்று கண்ட ஜோன்ஸ், 1984 மே மாதம் நியூயார்க்கில் பின்னல் நிபுணர் ஜோன் பர்மனைச் சந்தித்துப் பேசினார். அந்த உரையாடலை அடுத்து, முடிச்சுகளைப் பிரித்தறிய உதவும் ஜோன்ஸ் பல்லுறுப்புக் கோவை பிறந்தது. மூன்று குறுக்குகள் கொண்ட எளிய முடிச்சையும் அதன் கண்ணாடிப் பிம்பத்தையும் அலெக்சாண்டரின் பழைய கோவையால் பிரித்தறிய முடியாது. இது பிரித்தது. டி.என்.ஏ. இழைகளில் நொதிகள் போடும் முடிச்சுகளை ஆராய்பவர்கள்கூட இன்று முடிச்சுக் கோட்பாட்டைத் தேடி வருகிறார்கள்.

கும்மிடிப்பூண்டி இருக்கும் திருவள்ளூர் மாவட்டத்துக்கும் இந்தக் கதையில் ஒரு கிளை உண்டு. சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் புறநகர் ரயில் மீஞ்சூரைத் தாண்டிப் பொன்னேரியில் நிற்கும். 2007-இல் ஏபல் பரிசு பெற்ற எஸ். ஆர். ஸ்ரீநிவாச வரதனின் தந்தை அந்த ஊர் போர்டு உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவர். வரதனின் களம் நிகழ்தகவு. கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் அவரும், சென்னையில் பிறந்த கே. ஆர். பார்த்தசாரதியும், ரங்கா ராவும், வரதராஜனும் ஒரே காலத்தில் இருந்தார்கள். வரதன் நியூயார்க் போனார். பார்த்தசாரதி பிற்பாடு டெல்லியில் இருந்தபடி, நிகழ்தகவையே முன்பின் மாற்ற முடியாத செயலிகளின் உலகுக்குள் கொண்டுபோனார். தண்ணீரில் தூசு தத்தளிப்பதை விவரிக்கும் கணிதத்துக்குக் குவாண்டம் வடிவம் தந்து, ராபின் ஹட்சனோடு சேர்ந்து அவர் 1984-இல் வெளியிட்ட கட்டுரை இன்றுவரை அத்துறைக்கு அடித்தளம். 1998-இல் பார்த்தசாரதியும் சுந்தரும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். சுருக்கமான கட்டுரைதான், ஆனால் இரண்டு ஓடைகள் கலந்த இடம்.

தரமணியில் சுந்தருக்கு நெடுங்காலக் கூட்டாளி விஜய் கோடியாலம். அவர் புறப்பட்ட இடம் பரிமாற்று இயற்கணிதம், அதாவது வரிசையைப் பற்றிக் கவலையே இல்லாத பெருக்கல்களின் துறை. அங்கிருந்து இந்தப் பக்கம் வந்தவர். இருவருமாக எழுதிய கட்டுரைகளைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் படங்கள்: வட்டங்கள், அவற்றை இணைக்கும் கோடுகள், குறுக்கிடாத வளைவுகள். அவை விளக்கப் படங்கள் அல்ல, கணக்கே அவைதான். 1999-இல் ஜோன்ஸ் முன்வைத்த தள இயற்கணிதத்தில், ஓர் உட்காரணியின் விதிகள் முழுவதையும் தாளில் வரைந்த படங்களை ஒன்றுக்குள் ஒன்று செருகுவதாகச் சொல்லிவிடலாம். இடமிருந்து வலமாக எழுதும் எழுத்துக்கு ஒரே வரிசைதான் உண்டு. படத்துக்கு மேலும் கீழும் பக்கமும் உண்டு. வரிசையே சிக்கலாக இருக்கும் துறைக்கு இது எவ்வளவு வசதி என்று சொல்லவேண்டியதில்லை. குலங்களைப் பொதுமைப்படுத்தும் காட்ஸ் இயற்கணிதங்களின் படவிதிகளை 2003-இல் கோடியாலமும் சுந்தரும் செஃப் லாண்டாவோடு சேர்ந்து எழுதி முடித்தார்கள்.

படங்களிலிருந்து மறுபடி உட்காரணிக்குத் திரும்ப முடியுமா? ஆலிஸ் கியோனே, ஜோன்ஸ், திமித்ரி ஷ்லியாக்டென்கோ மூவரும் தற்செயல் அணிகளின் துணையோடு ஒரு வழி காட்டினார்கள். அந்த வழியில் காட்ஸ் இயற்கணிதத்தின் படங்களைக் கொடுத்தால் எந்தக் காரணி வெளியே வருகிறது என்று 2009-இல் கோடியாலமும் சுந்தரும் கணக்கிட்டுச் சொன்னார்கள். வந்தது ஒரு பழைய புதிரின் சொந்தக்காரர்: கட்டற்ற குலத்தின் காரணி.

கட்டற்ற குலம் என்றால் வரிசையின் உச்சம். 'அ', 'ஆ' என்று இரண்டு செயல்களும் அவற்றை நீக்கும் எதிர்ச்செயல்களும் மட்டும். ஒரு செயலும் அதன் எதிர்ச்செயலும் அடுத்தடுத்து வந்தால் ஒன்றையொன்று அழிக்கும். வேறு எந்தச் சலுகையும் இல்லை. அ-வும் ஆ-வும் எங்கும் எப்போதும் இடம் மாறாது. இரண்டு செயல்களுக்குப் பதில் மூன்று செயல்களை வைத்தும் இதே போல் ஒரு குலம் அமைக்கலாம். அந்த இரண்டு குலங்களும் வேறு என்று நிறுவுவது எளிது. அவற்றிலிருந்து மரேயும் வான் நியூமனும் காட்டிய வழியில் கட்டப்படும் காரணிகள் ஒன்றா, வேறா?

1980-களில் டான் வொய்குலெஸ்கு இதற்காகவே 'கட்டற்ற நிகழ்தகவு' என்ற புதுத் துறையைத் தொடங்கினார். இரண்டு, மூன்று என்ற முழு எண்களுக்கு நடுவே இரண்டரை, இரண்டேமுக்கால் என்று எந்த எண்ணுக்கும் இத்தகைய காரணியைக் கட்டலாம் என்று கென் டைகெமாவும் ஃப்ளோரின் ரடுலெஸ்குவும் 1990-களின் நடுவில் தனித்தனியே காட்டினார்கள். தரமணியின் கணக்கில் வெளிவந்ததும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். டைகெமாவும் ரடுலெஸ்குவும் இன்னொன்றையும் நிறுவினார்கள்: இந்தக் குடும்பத்தில் இருப்பவை ஒன்று எல்லாமே ஒன்றாக இருக்கவேண்டும், அல்லது எந்த இரண்டும் ஒன்றாக இருக்கக் கூடாது. நடுவழி கிடையாது. இரண்டில் எது உண்மை என்பதை இன்றுவரை யாரும் நிறுவவில்லை.